பதினாறு எம்.எம். குழாய்

லீ பஜாரில் வாங்கிய சுருளை
மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தேன்.
சூடேறினால்தான் நெளியும்.
இல்லாவிட்டால் கடைக்காரர் சுற்றிவைத்த வட்டத்தையே
நினைத்து நினைத்துச் சுருண்டுகொள்ளும்.

தொட்டியிலிருந்து மாமரத்துக்கு நாற்பது அடி.
கொய்யாவைச் சுற்றி, துவைக்கிற கல்லைத் தாண்டி,
எலுமிச்சையிடம் ஒரு திருப்பம்.
திருப்பத்தில் அவசரப்பட்டேன்.
குழாய் மடிந்தது,
மடிந்த இடத்தோடு தண்ணீரும் நின்றது.

இருபது கொண்டையூசி வளைவையும்
நாளுக்கு ஆறு தடவை பார்க்கிறவன் நான்.
முன்சக்கரம் திரும்பும் முன்பே
பின்சக்கரம் எங்கே வரும் என்று தெரிந்தவன்.
சன்னலில் நின்று பவளக்கொடி கேட்டாள்:
"அகலமா எடுன்னு
கண்டக்டர் வந்து விசில் ஊதணுமா?"

நேற்று பதினோராம் வளைவிலிருந்தே மழை.
வைப்பர் போட்டும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை.
நனைந்த சட்டையோடு கன்னங்குறிச்சி வந்தால்
வீட்டு மண்ணில் விரல் இறங்கவில்லை.
அதோ மலை, கறுத்துக்கொண்டு.
மண்வாசனை மட்டும்
டிக்கெட் எடுக்காமல் இறங்கி வந்திருந்தது.

மாநகராட்சித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
போர் எழுநூறு அடி.
அதில் வருவது பாதி தண்ணீர், பாதி வெள்ளைக்கல்.

துளை போட நான்,
துளையில் டிரிப்பரைச் செருக அவள்.
கொலுசுப் பட்டறையில்
சலங்கைக்குள் மணி போட்டுப் பழகிய விரல்.
'டக்'கென்று உட்கார்ந்தது ஒவ்வொன்றும்.
நான் செருகியதில் மூன்று கசிந்தன.
அவள் செருகியதில் ஒன்றுகூட இல்லை.
(இதை எழுதச் சொன்னது அவள்தான்.)

வால்வைத் திறந்ததும் முதலில் காற்று.
குழாய் இரண்டு முறை இருமியது.
பிறகு மல்கோவாவின் அடியில்
ஒன்று,
யோசித்து,
இன்னொன்று.
மணிக்கு எட்டு லிட்டர் என்று டப்பாவில் போட்டிருந்தது.
நம்ப முடியவில்லை. வாளியை வைத்து அளந்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டு லூர்துசாமி எட்டிப் பார்த்தார்:
"மரத்துக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்களா டிரைவர்?
எந்த வார்டு?"

பங்குனியில் போட்டது.
ஆனியில் மல்கோவா இலையைத் தொங்கவிட்டது.
குழாய் நிறையத் தண்ணீர், நுனியில் ஒன்றுமில்லை.
பிடுங்கிப் பார்த்தால் டிரிப்பரின் வாயில்
கடுகளவு வெள்ளை.
லாரி லாரியாக அள்ளியும் தீராத கல்
எங்கள் வீட்டுக்கு வந்து
ஒரு கடுகாக உட்கார்ந்திருந்தது.

ஊசியால் குத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.
"குத்தினா வாய் பெருசாயிடும். அப்புறம் அளவு நிக்காது."
வெள்ளிக்கு வெளுப்புக் கொடுக்கும் ஆசிட்டில்
ஒரு மூடி, பீங்கான் கிண்ணம் நிறையத் தண்ணீரில்.
பன்னிரண்டு டிரிப்பரும் நுரைத்தன.

கிண்ணத்தின் மேல் அவள் விரல்கள்.
நுனியில் ரேகை இல்லை.
மூன்று மாதமாக ரேஷன் கடை மெஷின்
அவளைத் தெரியாது என்று சொல்லி அனுப்பியதும்,
மெஷின் கோளாறு என்று நான் கடையில் சண்டை போட்டதும்
அப்போது ஞாபகம் வந்தது.
பதினான்கு வருடம்.
பின்சக்கரம் எங்கே வருமென்று தெரிந்தவன் நான்.

திரும்ப மாட்டும்போது இடத்தை மாற்றினோம்.
தூரோடு ஒட்டியிருந்ததை
உச்சி வெயிலில் நிழல் முடியும் கோட்டுக்கு.
குடிக்கிற வேர் அங்கேதான் இருக்கிறதாம்.
அடுத்த வருடம் நிழல் நகரும்.
குழாயும் நகர வேண்டும்.
மூன்றடி மிச்சம் விட்டு வெட்டினேன்.

விடிகாலை முதல் வண்டிக்குக் கிளம்பும்போது
வால்வைத் திறந்துவிட்டுப் போகிறேன்.
மூடினோமா என்ற கேள்வி
ஏழாம் வளைவில் ஏறிக்கொள்கிறது,
இறங்குவதேயில்லை.
மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் போன்.

"மூடிட்டேன். அங்க மழையா?"

"கொட்டுது."

"இங்க எட்டு லிட்டர்" என்றாள்.